ஆறு மாதம் காத்திருந்தால் பிராசசர் விலை பாதியாகுமா?

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மா சீட்டு எடுத்து 45,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்களாம். கல்லூரிப் படிப்புக்கும் வீடியோ எடிட்டிங் பழகுவதற்கும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். “இன்டெலும் ஏஎம்டியும் போட்டி போட்டு விலையைக் குறைக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு மாதம் பொறுத்தால் பாதி விலைக்கு வருமா? இரண்டு பேரில் நியாயமான விலைக்கு விற்பவர் யார்?” இதுதான் கேள்வி.

தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டையில் 1998-லிருந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறேன், சர்வீஸும் பார்க்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் என்ற சிப்பைச் செய்யும் அந்த இரண்டு கம்பெனியில் நியாய விலைக்காரர் என்று யாரும் கிடையாது. எந்த வருஷம் யார் பின்தங்கி இருக்கிறாரோ அவர் விலையைக் குறைப்பார். முன்னால் வந்துவிட்டால் அவரே ஏற்றுவார். இத்தனை வருஷமாக டீலர்களின் விலைப் பட்டியலைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இதுதான். முதல் கேள்விக்குப் பதில்: பாதியாகாது. பிராசசரில் நீங்கள் மிச்சம் பிடிப்பதை வேறொரு பொருள் தின்றுவிடலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் பார்த்திருப்பீர்கள். படகு கரைக்கு வருவதற்கு முன்பே செலவெல்லாம் முடிந்துவிடுகிறது. டீசல் போட்டாச்சு, ஐஸ் போட்டாச்சு, ஆளுக்குக் கூலியும் பேசியாச்சு. மீன் கூடையில் வந்து விழுந்த பிறகு “எனக்கு டீசலுக்கே இவ்வளவு ஆச்சு” என்று சொன்னால் ஏலத்தில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பக்கத்துப் படகிலும் அதே வஞ்சிரம் நிறைய வந்திருந்தால் விலை இறங்கும். வெயில் ஏற ஏற இன்னும் இறங்கும்.

சிப் வியாபாரமும் ஏறக்குறைய இப்படித்தான். புதிய தலைமுறை சிப் செய்யும் ஒரு தொழிற்சாலையைக் கட்ட 1,000 கோடி டாலருக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பே பல வருஷம் பொறியாளர்கள் உட்கார்ந்து வடிவமைத்த செலவு இருக்கிறது. இதெல்லாம் முதல் சிப் விற்பதற்கு முன்பே போட்டுவிட்ட பணம். அதன்பின் கூடுதலாக ஒரு சிப் எடுக்க ஆகும் செலவு, கடையில் நாம் கொடுக்கும் விலையில் சிறு பங்குதான். அதனால் பெட்டியில் போட்ட விலைக்கும் அடக்கத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. போட்டியாளர் நெருக்கும்போது விலையைப் பாதியாக வெட்ட அவர்களால் முடிவது இதனால்தான். நெருக்காதபோது ஏன் வெட்டுவதில்லை என்பதற்கும் காரணம் இதுதான். அப்புறம், சிப்பும் மீன் போலப் பழசாகும் சரக்கு. அடுத்த தலைமுறை வந்த அன்றே கிடங்கில் இருப்பதன் மதிப்பு இறங்கிவிடும்.

அடக்கம் எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், விலைப் பட்டியலைப் படிக்க உதவும். சிப்பைத் தனித்தனியாகச் செய்வதில்லை. 300 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டமான சிலிக்கான் தட்டின் மேல் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் செய்து, பிறகு வெட்டி எடுப்பார்கள். தட்டில் அங்கங்கே தூசியளவு பழுது விழும், அதை முழுக்கத் தவிர்க்க முடியாது. நம் எம்.சி. ரோடு துணிக்கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தான் துணியில் பத்து இடத்தில் கறை இருக்கிறது. அதில் புடவை புடவையாக வெட்டினால் ஏறக்குறைய எல்லாப் புடவையிலும் ஒரு கறை வந்துவிடும். கைக்குட்டையாக வெட்டினால் பத்து கைக்குட்டைதான் வீண், மற்றதெல்லாம் நல்ல சரக்கு. சிப் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மலிவு என்பதன் கணக்கு இவ்வளவுதான். 2019-ல் ஏஎம்டி செய்ததும் இதையே. பெரிய சிப் ஒன்றுக்குப் பதிலாக 74 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துண்டுகளைச் செய்து, ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எட்டு கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) வேண்டுமா, ஒரு துண்டு. பதினாறு வேண்டுமா, இரண்டு துண்டு.

கறை விழுந்ததையும் தூக்கிப் போடுவதில்லை. எட்டு கோரில் ஒன்றிரண்டு பழுதென்றால் இரண்டை அடைத்துவிட்டு ஆறு கோர் என்று குறைந்த விலைக்கு விற்பார்கள். செகண்ட்ஸ் துணி மாதிரி. ஆனால் ஒன்று கவனியுங்கள். மலிவான மாடலுக்குக் கிராக்கி அதிகமாகி, உண்மையான செகண்ட்ஸ் போதாமல் போனால், நல்ல சிப்பிலேயே இரண்டு கோரை அடைத்து மலிவு மாடலாக அனுப்புவார்கள். 2009-ல் ஏஎம்டியின் ஃபீனம் 2 வரிசையில் மூன்று கோர் சிப் ஒன்று வந்தது. அதில் பல நான்கு கோர் நல்ல சிப்புகள்தான். ஒரு நாள் இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒன்றை மாட்டி, பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில், ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டுத் திரும்ப ஆன் செய்தேன். திரையில் கோர் எண்ணிக்கை 4 என்று வந்தது. அடைத்திருந்த நான்காவது கோர் இரவு முழுக்க வேலை செய்தது, விடியும் வரை ஒரு முறையும் ஹேங் ஆகவில்லை. அடுத்ததாக மாட்டிய அதே மாடல், நான்காவதைத் திறந்ததும் விண்டோஸுக்கே வரவில்லை. முதலாவதை அடைத்தது போட்டி விலைக்காக, இரண்டாவதை அடைத்தது பழுதுக்காக. பெட்டி இரண்டிலும் ஒரே பெயர், ஒரே விலை. சிப் விலை அதன் அடக்கத்தைப் பார்த்து வைப்பதல்ல, சந்தையில் எந்தப் படியில் ஆள் நிற்கிறான் என்று பார்த்து வைப்பது என்பது அன்று என் கண்ணெதிரே தெரிந்தது.

சரி, இந்த இரண்டு பேர் மட்டும் எப்படி மோதிக்கொண்டார்கள், மூன்றாவது ஆள் ஏன் இல்லை? இன்டெல் 1968-ல் தொடங்கியது, ஏஎம்டி அடுத்த வருஷம். 1981-ல் ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெலின் 8088 சிப்பை எடுத்தபோது, ஒரே ஆளை நம்பி இறங்க அவர்கள் தயாராக இல்லை, இன்னொரு இடத்திலும் அந்தச் சிப் கிடைக்க வேண்டும் என்றார்கள். அப்படித்தான் 1982-ல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டார்கள், ஏஎம்டி அதே வகைச் சிப்பைச் செய்யலாம் என்று. 1985-ல் 386 என்ற புதிய சிப் வந்ததும் இன்டெல் கையை மூடிக்கொண்டது, அதைச் செய்ய ஏஎம்டியை விடவில்லை. ஏஎம்டி தானாகவே ஒரு 386 செய்து 1991-ல் விற்பனைக்கு விட்டது. இன்டெலின் 386, 33 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நின்றபோது, இது 40-ல் ஓடியது. 386 விலை சரிய ஆரம்பித்தது அதன் பிறகுதான். இது பற்றி இருவரும் நடத்திய வழக்குகள் 1995-ல் சமரசத்தில் முடிந்தன. இந்த வகைச் சிப் செய்யும் உரிமை உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு மட்டுமே இருக்கிறது, அதனால் புதிதாக ஒருவர் கடை போட முடியாது. ஐபிஎம் அன்று பிடித்த பிடிவாதத்தின் பலனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

என் கடைக்கு இந்தச் சண்டை வந்து சேர்ந்தது ஏஎம்டியின் அத்லான், டூரான் சிப்புகளின் காலத்தில். 2000 மார்ச் 6-ம் தேதி ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் சிப்பை அறிவித்தது, இரண்டே நாளில் இன்டெலும் அறிவித்தது. இங்கே வடசென்னையில் 1 கிகாஹெர்ட்ஸ் வாங்க ஆளில்லை, கேட்டதெல்லாம் மலிவுச் சிப்புகளான இன்டெலின் செலரானும் ஏஎம்டியின் டூரானும்தான். தங்கசாலையில் கல்யாணப் பத்திரிகை டிடிபி செய்யும் ஓர் அண்ணன் என்னிடம் டூரான் 600 வாங்கினார். அந்தச் சிப்பின் மேல்புறத்தில் தங்க நிறத்தில் பொடிப் பொடியாகச் சில கோடுகள் நடுவில் அறுந்திருக்கும். சாதாரணப் பென்சிலைக் கூராகச் சீவி, அறுந்த இடத்தை அழுத்தித் தேய்த்துச் சேர்த்தால் பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், வேகப் பூட்டு திறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு கோட்டையும் சேர்த்தேன், பக்கத்துக் கோட்டில் கரி பட்டுவிடக் கூடாது. 600 மெகாஹெர்ட்ஸ் என்று வாங்கிய சிப் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த அண்ணனுக்கு ஒரு பக்கம் பிரிண்ட் போக ஆகும் நேரம் குறைந்தது. மலிவுச் சிப்புக்கும் விலையுயர்ந்த சிப்புக்கும் நடுவே பல சமயம் நிற்பது ஒரு பென்சில் கோட்டளவு பூட்டுதான் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

விலைப் போர் என்றால் என்ன என்று நான் வலியோடு கற்றது 2006 ஜூலையில். அதுவரை மூன்று வருஷம் ஏஎம்டியின் அத்லான் 64 தான் முன்னால். இன்டெலின் பென்டியம் 4 சூடாகும், மின்சாரம் குடிக்கும், வேகத்திலும் பின்தங்கி இருந்தது. முன்னால் இருந்த ஏஎம்டி தன் இரட்டைக் கோர் சிப்பில் மிக மலிவானதற்கே 303 டாலர் போட்டிருந்தது. ‘ஏழைகளின் நண்பன்’ என்று நாங்களெல்லாம் புகழ்ந்த அதே கம்பெனி. அந்த ஜூலை கடைசியில் இன்டெலின் கோர் 2 டுவோ வந்தது. 183 டாலரில் தொடங்கியது, அத்லானை அடித்துப் போட்டது. ஏஎம்டி அதே வாரத்தில் 303 டாலர் சிப்பை 152 ஆக்கியது, 696 டாலர் சிப்பை 301 ஆக்கியது. ஒரே நாளில் ஒன்று ஏறக்குறைய பாதி, இன்னொன்று பாதிக்கும் கீழே.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அந்த 303 டாலர் ரகத்தில் இரண்டு எடுத்து வைத்திருந்தேன். எனக்கு விற்ற மொத்த வியாபாரிக்கு வரப்போவது தெரிந்திருந்தது, சரக்கைத் தள்ளிவிட்டார். விலை குறைந்தபின் போய்க் கேட்டேன். தனக்குக் கம்பெனியிடமிருந்து விலை வித்தியாசம் வந்தால் தருவதாகச் சொன்னார், வரவே இல்லை என்றும் சொன்னார். இரண்டையும் பாதிப் பணத்துக்கு விற்றேன். இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அறிவிப்பில் விலை குறைந்தவுடன் கடையில் குறையாது. பழைய விலைக்குச் சரக்கு எடுத்த சின்னக் கடைக்காரன் அதை விற்று முடிக்கும் வரை பழைய விலையைத்தான் சொல்வான். அவன் ஏமாற்றுகிறான் என்று நினைக்க வேண்டாம், இரண்டு மூன்று வாரம் பொறுத்து இன்னொரு கடையில் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் விலைப் போர் இப்படி. தெரியாத போர் ஒன்று உண்டு, அதில்தான் நமக்கு உண்மையான நஷ்டம். 2009 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. கம்ப்யூட்டர் செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு, ஏறக்குறைய எல்லாச் சிப்பையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தள்ளுபடி கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. அந்த முடிவில் ஒரு விவரம் இருக்கிறது, படித்த நாளில் இருந்து எனக்கு மறக்கவில்லை. ஏஎம்டி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு 10 லட்சம் சிப்பை இலவசமாகவே தருகிறேன் என்றது. அதை வாங்கினால், பல லட்சக்கணக்கான மற்ற சிப்புகளுக்கு இன்டெல் தரும் தள்ளுபடி போய்விடும். அதனால் அந்தக் கம்பெனி கடைசியில் 1,60,000 மட்டுமே எடுத்துக்கொண்டது. சும்மா கொடுத்தாலும் வாங்க முடியாத நிலை. இதை விடப் பெரிய விலை ஆயுதம் என்ன இருக்க முடியும்? இன்டெல் இதை எதிர்த்துப் பல வருஷம் வழக்காடியது. 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி சம்பந்தமான பகுதியை ரத்து செய்தது, மீதமிருந்த பகுதிக்கு ஆணையம் 2023-ல் 37.6 கோடி யூரோ அபராதத்தை மறுபடி விதித்தது. இதற்கிடையில் 2009 நவம்பரிலேயே இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டியோடு சமரசமாகிவிட்டது. ஆனால் ஏஎம்டியின் சிப் நன்றாக இருந்த வருஷங்களில் விற்க முடியாமல் போன சிப்பை யார் திருப்பித் தருவார்கள்? அந்தப் பணம் இருந்திருந்தால் அடுத்த சிப்பை ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

செய்யவில்லை. 2011 அக்டோபரில் வந்த ஏஎம்டியின் புல்டோசர் சிப் தோற்றது. அதற்குப் பிந்திய வருஷங்களைத்தான் தம்பி, நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டி செத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ7-2600கே: நான்கு கோர், 317 டாலர். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே: நான்கு கோர், 339 டாலர். ஆறு வருஷம். அதே நான்கு கோர். வேகம் வருஷத்துக்குக் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். அந்த ஆறு வருஷத்தில் ரூபாய் வேறு இறங்கிக்கொண்டே போனது. வாடிக்கையாளர் ஐந்து வருஷப் பழைய மெஷினைக் கொண்டுவந்து “அண்ணே, புதுசு எடுத்தா எவ்வளவு வேகம் கூடும்?” என்று கேட்பார். உள்ளதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவேன். 2015-ல் ஏஎம்டியின் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. அந்தக் கம்பெனி மூடிவிடுமோ என்று எங்கள் மாதிரிக் கடைக்காரர்கள் கவலைப்பட்டோம். அந்தக் கவலை ஏஎம்டி மேல் பாசத்தால் வந்ததில்லை. ஒரே வியாபாரி மட்டும் மிஞ்சும் சந்தையில் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கிடைக்காது.

2017 மார்ச் 2-ம் தேதி ஏஎம்டியின் ரைசன் வந்தது. எட்டு கோர் சிப் 499 டாலர், அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு எட்டு கோர் 329 டாலர். அப்போது இன்டெலின் எட்டு கோர் சிப் 1,000 டாலருக்கு மேல். அதே வருஷம் அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர் ஐ7-ஐ 359 டாலருக்குக் கொண்டுவந்தது. ஐ3-க்கு முதன்முதலாக நான்கு கோர் கிடைத்தது, 117 டாலருக்கு. ஆறு வருஷம் முடியாது என்றிருந்தது ஏழு மாதத்தில் முடிந்தது. 2019-ல் இன்டெல் தன் 18 கோர் சிப்பை 1,979 டாலரில் இருந்து 979 ஆக்கியது. ஒரு தலைமுறையில் சரிபாதி விலை. எதிரே ஆள் வந்து நின்றான், அவ்வளவுதான் காரணம்.

ஏஎம்டியைப் புகழ்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அடுத்ததைக் கேளுங்கள். 2019-ல் ரைசன் 5 3600 என்ற ஆறு கோர் சிப் 199 டாலர். இங்கே கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வாங்கியது அதைத்தான். 2020 நவம்பரில் அடுத்த தலைமுறை வந்தது, எல்லா விதத்திலும் இன்டெலை முந்தியது. இந்த முறை ஆறு கோர் சிப் ஒன்றே ஒன்று, 5600எக்ஸ், 299 டாலர். எக்ஸ் இல்லாத மலிவு மாடல் வரும் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. பதினேழு மாதம் வரவில்லை. 2022 ஜனவரியில் இன்டெல் ஐ5-12400 என்று ஒரு ஆறு கோர் சிப் விட்டது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பாகம் இல்லாத வகை 167 டாலர், 5600எக்ஸுக்குச் சமமாக ஓடியது. ஏப்ரலில் ஏஎம்டியிடமிருந்து 5600 வந்துவிட்டது, 199 டாலருக்கு. அந்தச் சிப்பைச் செய்ய அவர்களுக்குப் பதினேழு மாதம் தேவைப்படவில்லை. விற்க அவசியம் வரவில்லை. 2006-ல் 303 டாலர் போட்ட அதே புத்திதான்.

அடுத்து இன்டெல் பின்தங்கிய முறை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே அதில் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நிலைமை வந்தது. பத்து வருஷத்துக்கு முன் ஏஎம்டி நின்ற இடத்தில் அப்போது இன்டெல். “இன்டெல் போகட்டும்” என்று சில பிள்ளைகள் சந்தோஷமாகப் பேசுகிறார்கள், கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போட்டியாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவது ரேமில் (கம்ப்யூட்டர் ஓடும்போது தகவலை வைத்துக்கொள்ளும் மெமரி) ஏற்கெனவே நடந்துவிட்டது. ஒரு காலத்தில் ரேம் சிப் செய்தவர்கள் ஒரு டஜனுக்கு மேல். இன்டெலே தொடக்கத்தில் ரேம் கம்பெனிதான். ஜப்பான்காரர்களின் விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் 1985-ல் அந்தத் தொழிலை விட்டது. ரேமில் பிராண்டுக்கு மதிப்பு குறைவு, எல்லாம் ஒன்றுபோலவே வேலை செய்யும். அதனால் விலை ஒன்றுதான் ஆயுதம், சண்டை உயிர் போகும் வரை நடந்தது. 2009-ல் ஜெர்மனியின் கிமோண்டா திவாலானது, 2012-ல் ஜப்பானின் எல்பிடா. இன்று பெரியவர்கள் மூன்று பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். நடுவில் சில பேர் சண்டையை விட்டுவிட்டுக் கூட்டாக விலை வைத்ததும் உண்டு. அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2005-ல் சாம்சங் 30 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டின. அடித்துக்கொண்டு விலையைக் குறைத்தால் யாராவது சாகிறார்கள், சேர்ந்துகொண்டால் நம் பை காலியாகிறது.

நான் முதலில் சொன்ன “வேறொரு பொருள்” இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை விற்கிறது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ரேமுக்கு 2025 கடைசியில் அப்படி ஒரு காலம் தொடங்கியது. ஏஐ சர்வர்களுக்கு விலையுயர்ந்த மெமரி தேவைப்பட்டதால் மூன்று கம்பெனியும் தயாரிப்பை அந்தப் பக்கம் திருப்பினார்கள். நம் மெஷினுக்கான ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கையும் தாண்டியது. மைக்ரான், கடைகளில் விற்றுவந்த குருஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி உற்பத்தி வர வருஷக்கணக்காகும், இது 61 நாளில் முடியும் தடைக்காலம் இல்லை. அதனால் பிராசசர் 2,000 ரூபாய் குறையட்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு லாபமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரூபாயையும் கணக்கில் சேருங்கள். நான் மேலே சொன்னதெல்லாம் அமெரிக்க டாலர் விலை, வரி இல்லாதது. இங்கே அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2011 தொடக்கத்தில் ஒரு டாலர் 45 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அதே 300 டாலர் சிப், வரிக்கு முன்பே 13,500-லிருந்து 27,000 ஆகிவிட்டது. அங்கே பத்து சதவீதம் குறைத்த செய்தி இங்கே வந்து சேர்வதற்குள் ரூபாய் அதில் ஒரு பகுதியைச் சாப்பிட்டிருக்கும்.

இனி உங்கள் 45,000 ரூபாய்க்கு வருவோம்.

பிராசசர் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பிராசசர், அதை மாட்டும் மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து இரண்டு பட்டியல் எழுதுங்கள், ஒன்று இன்டெல், ஒன்று ஏஎம்டி. மொத்தத்தைப் பாருங்கள். சிப்பில் 1,500 குறைத்துவிட்டு போர்டில் 3,000 வாங்குவது இரண்டு பக்கமும் நடக்கும். போர்டுக்கு ஆயுசு எவ்வளவு என்றும் கேளுங்கள். 2017-ல் இன்டெல் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது சிப் உட்காரும் சாக்கெட் பார்க்க அதே அளவுதான், ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது, புது போர்டு வாங்கியே ஆக வேண்டும். ஏஎம்டியும் முதலில் பழைய போர்டுகளைக் கைவிடத்தான் பார்த்தது, வாங்கியவர்கள் விடாமல் கேட்டதால் 2022-ல் இறங்கி வந்தது. பெரம்பூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் 2018-ல் என்னிடம் மலிவான ரைசன் மெஷின் எடுத்தார். 2022-ல் பயாஸை மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் 5600-ஐ மாட்டினேன். போர்டு, ரேம், கேபினட் எதுவும் மாற்றவில்லை. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆக ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போனவர், சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது என்றார்.

இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. போன மாதம் ஒரு பையன் ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதென்று எஃப் சிப் வாங்கி, தானே அசெம்பிள் செய்து, டிஸ்பிளே வரவில்லை என்று மூட்டையாகத் தூக்கி வந்தான். சிப்பில் பழுதில்லை, படம் காட்ட அதில் பாகமே இல்லை. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க உங்கள் பட்ஜெட்டில் இடமில்லை, அதனால் எஃப் வேண்டாம். ஏஎம்டியில் 5000 வரிசை என்றால் கடைசியில் ஜி இருக்கிறதா பாருங்கள். வீடியோ எடிட்டிங் பழகுவதற்கு இன்டெலின் உள் கிராபிக்ஸ் நல்ல துணை, வீடியோவை மாற்றும் வேலையை அதற்கென்றே இருக்கும் பாகத்தில் செய்துவிடும். அதனால் இந்த முறை இன்டெல் பட்டியலை முதலில் எழுதுங்கள். செகண்ட் ஹேண்டில் மட்டும் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய மாடல்களை எடுக்காதீர்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறு வந்து, 2024-ல் இன்டெலே வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. பில் இல்லாமல் வாங்கினால் அந்த நீட்டிப்பு உங்களுக்குப் பயன்படாது.

அடுத்த தடவையும் இதே கம்பெனி சிப்பைத்தான் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று வருஷம் கழித்து வரும்போது ஏஎம்டி இறங்கி வந்திருந்தால் ஏஎம்டி.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடாமல் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கேபினட்டைத் திறந்து, நீளவாக்கில் குத்தி நிற்கும் ரேம் பலகையைப் பாருங்கள். ஸ்டிக்கரில் டிடிஆர்4 (ரேமில் ஒரு வகை) என்று இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இன்றைய விலைக்கு அது பணம். அதை ஏற்கும் போர்டாகவே தேடலாம், இன்டெலில் 12-ஆம் தலைமுறைக்கும் கிடைக்கும், ஏஎம்டியில் 5000 வரிசைக்கும் கிடைக்கும். இரண்டு பக்கமும் இருக்கும் சின்னக் கிளிப்பை விரித்துவிட்டு நேராக மேலே தூக்குங்கள், தங்க விளிம்பில் விரல் பட வேண்டாம். ஒரு பேப்பரில் சுற்றி எடுத்து வாருங்கள், மாட்டிப் பார்த்துவிட்டு மீதிக் கணக்கைப் போடலாம்.